உருக்காமல் காப்பாற்றிய ரூபாய்கள்

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். உருக்க வரும் பழைய வெள்ளி ரூபாய்களில் பிடித்ததைக் கூலியில் கழித்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்து வருவார். நாற்பது ஆண்டுகளில் நான்கு தகரப் பெட்டிகள் நிறைந்துவிட்டன. அம்மா இறந்தபின் ஏற்காட்டில் எங்களுடன் இருக்கிறார். இங்குள்ள ஈரத்தில் செப்புக் காசுகள் பச்சை பூக்கின்றன. எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கி, வெள்ளியை எடைக்குப் போட்டு, மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டலாம் என்கிறார் என் கணவர். அப்பா மறுக்கவில்லை, ஆனால் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, தந்தையின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள். வெள்ளி உருக்கும் கலமான மூசைக்குள் போகவிருந்ததைத் தம் கூலியைக் கொடுத்து மீட்டவரிடம், அவற்றைத் திரும்பவும் மூசைக்கே அனுப்பலாமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

புளியை இன்றே தள்ளி வையுங்கள். விளக்கிய நாணயம் பளபளக்கும், ஆனால் அதன் மேற்பரப்பு தேய்ந்து போகும்; சேகரிப்பவர்கள் கண்ட மாத்திரத்தில் அதைக் கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்கள். செம்பின் மேல் வழவழப்பாகப் படிந்திருக்கும் கரும்பச்சை நிறம் நாணயத்துக்குக் கவசம். தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைதான் நோய், அது ஈரத்தில் பரவும். அத்தகைய காசுகளைத் தனியே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் ஆய்வகம் இருக்கிறது; அங்கே யோசனை கேட்கலாம். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து நாணயத்தை அரிக்கும் என்பதால் அவற்றையும் தவிருங்கள்.

எடைக்குப் போடுவது பற்றி உங்கள் கணவருக்கு ஒன்றைக் காட்டுங்கள். பெட்டியில் 1911 ஆம் ஆண்டு ரூபாய் இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி கொண்டு வந்து ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். மார்பில் தொங்கும் சங்கிலியில் ஒரு சிறிய யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாகிப் போனதால் அது பன்றியைப் போலத் தெரிந்தது. மக்கள் முகம் சுளித்ததால் அரசு பெரும்பகுதியைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912 இல் யானையைத் திருத்தி அச்சிட்டது. இரண்டும் ஒரே எடை, 11.66 கிராம். தராசுக்கு இந்த வேறுபாடு தெரியாது. 1940களின் நடுவில் வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947 ஆம் ஆண்டு ரூபாயோ வெறும் நிக்கல். சுண்டிவிட்ட சத்தத்திலேயே இவற்றைப் பிரித்தறிந்தவர் உங்கள் தந்தையாகத்தான் இருப்பார்.

மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்படுவது தவறில்லை. ஒரே வகையில் இரண்டு மூன்றாக இருப்பவற்றை அவர் கையாலேயே எடுத்துத் தரட்டும், விலை பேசும்போதும் அவர் உடன் இருக்கட்டும். பழைய நாணயத்துக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி முன்கூட்டியே கமிஷனோ வரியோ கேட்பவர்களை ஒதுக்குங்கள். தன் பெயரைச் சொல்லி நடக்கும் இந்த மோசடி குறித்து ரிசர்வ் வங்கியே 2021 இல் எச்சரித்திருக்கிறது. நூறு ஆண்டுகளைக் கடந்தவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பும்படி யாராவது கேட்டால் உடன்படாதீர்கள், சட்டம் அனுமதிக்காது.

ஆனால் விற்பதற்கு முன்னால் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிக்கொண்டு, உங்கள் மகளைத் தாத்தாவின் அருகில் உட்கார வையுங்கள். எந்த ஆண்டில், யார் உருக்கக் கொண்டுவந்தது, அன்றைய கூலி எவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும். ஒருவேளை திப்புவின் யானைக் காசு ஒன்று அதில் கிடைத்தால், 1792 வரை சேலம் மைசூர் ஆட்சியில் இருந்ததையும் அவரே சொல்லிக்கொடுப்பார். நான்கு பெட்டிக்குச் சில மாதங்கள் பிடிக்கும். மாலையில் காபி கொடுத்துவிட்டு முதல் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.