போர் வந்தால் மந்தம் தீருமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகன் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆட்குறைப்பு. 'ஒரு பெரிய யுத்தம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும், 1930-களின் மந்தத்திலிருந்து அமெரிக்கா அப்படித்தான் மீண்டது' என்கிறார் என்னோடு வாக்கிங் வரும் நண்பர். ஓய்வுபெற்றபோது வந்த பி.எஃப். பணத்தை ராணுவத் தளவாடப் பங்குகளில் போடலாமா?"

போடாதீர்கள். ஆனாலும் நண்பர் சொல்வதில் பாதி உண்மை.

1933-ல் அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு ரோடு போட்டது, அணை கட்டியது. நிலைமை கொஞ்சம் தேறியது. 1937-ல் செலவை இறுக்கிப் பிடித்ததும் மறுபடி சரிவு. 1939-லும் வேலையின்மை சுமார் 17 சதவீதம். 1944-ல் அது 1.2 சதவீதம். இடையில் வந்தது உலகப் போர்தான்.

போரில் எது வேலை கொடுத்தது என்று பாருங்கள். மூடிக்கிடந்த ஆலையும் சும்மா இருந்த ஆளும் கைவசம் இருந்தபோது, அரசு கணக்குப் பார்க்காமல் செலவு செய்தது. பாதிக் கதை அவ்வளவுதான். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பட்டாளத்தில் இருந்ததும் வேலையில்லாதோர் பட்டியல் சுருங்க ஒரு காரணம். (பாலம் கட்டக் காசு கேட்டால் முகம் சுளிப்பவர்கள் டாங்கி என்றதும் கையெழுத்துப் போடுவது எந்த நாட்டிலும் நடப்பதுதான்.)

சம்பளம் வந்தது, வாங்கப் பொருள் இல்லை. 1942 பிப்ரவரியோடு கார் உற்பத்தி நின்றது. சர்க்கரை, டயர், பெட்ரோல் எல்லாம் ரேஷன். செலவழிக்க வழியில்லாத பணம் போர்ப் பத்திரமாகவும் (போர்ச் செலவுக்கு அரசு மக்களிடம் வாங்கிய கடன்) சேமிப்பாகவும் தங்கி, 1945-க்குப் பிறகு வீடாகவும் காராகவும் ஃப்ரிட்ஜாகவும் மாறியது. அதற்குள் ஐரோப்பாவின் ஆலைகள் இடிந்து கிடந்தன. அமெரிக்க ஆலைகள்மேல் குண்டு விழவில்லை.

அதே போர் நம் ஊருக்கு என்ன செய்தது? உங்கள் பெரம்பூரில் பி அண்டு சி மில் ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்தது. வேலை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் மதராஸ் காலியானது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று, மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றார்கள். பர்மா விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. பிரிட்டன் இங்கே வாங்கிய சரக்குக்கு லண்டனில் கடன் எழுதி வைத்தது. அந்தக் காகிதத்தை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி நோட்டு அடித்தது. போர் முடிவதற்குள் புழக்கத்தில் இருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேல் ஆனது. நெல்லும் துணியும் அப்படிப் பெருகுமா? விலை ஏறியது. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். நம் ரேஷன் கடை வரிசையும் அந்தக் காலத்தில் தொடங்கியதுதான்.

சரி, அது வெள்ளைக்காரன் காலம் என்பீர்கள். 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் நுழைந்தது. நாம் சண்டை போடவில்லை. கச்சா எண்ணெய் விலை ஏறி, ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்து, 1991 ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை அடகு வைக்க வேண்டியதாயிற்று. இன்றும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான். எங்கோ குண்டு விழுந்தால் கோயம்பேட்டுக்கு வரும் தக்காளி லாரியின் வாடகை ஏறும்.

இப்போது உங்கள் பணம். யுத்தச் செய்தி டிவியில் வரும்போது தளவாடப் பங்குகளின் விலை ஏற்கெனவே ஏறியிருக்கும். ஆர்டர் கிடைத்து, சரக்கு போய், பில் பாஸாகி லாபமாக வர வருஷக்கணக்கில் ஆகும். முதலில், மகனுக்குச் சம்பளம் நின்றால் தேவைப்படும் ஒரு வருஷத்துக் குடும்பச் செலவை, தவணைகளையும் சேர்த்து, வங்கி டெபாசிட்டில் தனியாக வையுங்கள். மீதியில் பெரும்பகுதியைப் போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 30 லட்சம் ரூபாய் வரை எடுத்துக்கொள்வார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். அப்புறமும் கை அரித்தால், முழுசாகப் போனாலும் வீட்டில் சண்டை வராத அளவு ஒரு சிறு தொகையைப் பங்குகளில் போட்டுப் பாருங்கள்.