நான்கு ஜூனியர் தங்கங்கள் வீணா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் ஈவ் முயர்ஹெட், ஐஸ் தளத்தில் கல்லை வழுக்கவிட்டு வட்டத்துக்குள் நிறுத்தும் கர்லிங் ஆட்டத்தில் நான்கு முறை ஜூனியர் உலகத் தங்கம் வென்றவர். ஆனால் ஒலிம்பிக் தங்கத்துக்கு 2022 வரை காத்திருந்தார், கிடைத்த சில மாதங்களில் ஓய்வும் பெற்றுவிட்டார். அப்படியானால் ஜூனியர் வெற்றிகள் வெறும் வேடிக்கைதானே? ஐஸைத் துடைக்கிற ஆட்டத்தில் வயது கூடினால் என்ன மாறிவிடப்போகிறது?

பதில்: 'வெறும் வேடிக்கை' என்பதை நான் மறுக்கிறேன். நான்கு தங்கங்களை எண்ணிய நீங்கள், அவை எந்தெந்த ஆண்டில் வந்தன என்று பார்க்கவில்லை. 2007, 2008, 2009, அப்புறம் 2011. நடுவில் 2010 எங்கே போனது? அந்த பிப்ரவரியில் வான்கூவர் ஒலிம்பிக்கில் பிரிட்டன் பெண்கள் அணிக்கு அவர்தான் ஸ்கிப், அதாவது அணித்தலைவி. வயது 19. அணிக்கு ஏழாவது இடம். அடுத்த மாதமே கனடாவில் பெண்கள் உலகச் சாம்பியன்ஷிப். ஸ்காட்லாந்தை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். எதிரே நின்றவர் ஜெர்மனியின் ஆண்ட்ரியா ஷோப், வயது 45. ஷோப் தன் முதல் உலகப் பட்டத்தை வென்ற 1988இல் முயர்ஹெட் பிறக்கவே இல்லை. அன்று ஷோப் ஜெயித்தார். மறு ஆண்டு முயர்ஹெட் தான் பிறந்த ஸ்காட்லாந்தின் பெர்த் நகரிலேயே நான்காவது ஜூனியர் தங்கத்தை எடுத்தார். ஒலிம்பிக்கும் உலக வெள்ளியும் பார்த்துவிட்டு வந்து, 21 வயதுக்கு உட்பட்டவர்களோடு மறுபடி ஆடியவர் அவர். ஜூனியர் ஆட்டத்தை அவரே வேடிக்கையாக நினைத்திருந்தால் வந்திருப்பாரா?

என்ன மாறுகிறது என்று கேட்டீர்கள். முதலில் மாறாததைச் சொல்கிறேன். கல் மாறுவதில்லை. ஏறக்குறைய 20 கிலோ கிரானைட், ஜூனியருக்கும் அதேதான். 45 மீட்டர் நீளத் தளமும், கல் போய் நிற்க வேண்டிய 12 அடி அகல வட்டமும் அவைதான். அதனால்தான் 19 வயதுப் பெண்ணும் 45 வயதுப் பெண்ணும் ஒரே இறுதி ஆட்டத்தில் சமமாக நிற்க முடிகிறது. இதைச் செய்யக்கூடிய விளையாட்டுகள் மிகக் குறைவு, எனக்கு கர்லிங் பிடித்துப்போனதற்கு முதல் காரணமும் இதுவே.

மாறுவது எதிரணி. ஜூனியர் ஆட்டத்தில் எதிரணி எப்படியும் ஒரு கல்லைத் தவறவிடும், பொறுமையாகக் காத்திருந்தால் போதும். பெரியவர்கள் அப்படிக் கொடுத்துவிட மாட்டார்கள். ஒரு எண்டில், அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்றில், அணிக்கு எட்டுக் கற்கள். முதல் கல்லைப் போடும்போதே எட்டாவது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் இளக்காரமாகச் சொன்ன துடைப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே. போகும் கல்லுக்கு முன்னால் துடைத்தால் ஐஸின் மேற்பரப்பு லேசாகச் சூடாகி உராய்வு குறைகிறது, கல் இன்னும் தூரம் போகிறது, வளைவதும் குறைகிறது. கல் போய்க்கொண்டிருக்கும் சில நொடிகளுக்குள், துடைக்கவா விடவா என்று மூன்று பேர் ஒரே மனதாக முடிவெடுக்க வேண்டும். அந்த ஒற்றுமை வர வருடக்கணக்கில் சேர்ந்து ஆடியிருக்க வேண்டும்.

சிக்கலே இங்கேதான். ஜூனியர் அணியில் நால்வருக்கும் ஒரே நாளில் வயது வரம்பு முடிவதில்லை. ஒருத்தி வெளியேறினாலே பழகிய அணி கலைகிறது. இன்னொருத்திக்குப் படிப்பு, வேறொருத்திக்கு வேலை. போட்டிக்குப் போகும் செலவு, பயிற்சிக்கு ஐஸ் கிடைக்கும் நேரம் எல்லாம் சேர்ந்து அழுத்தும் வயதும் அதுதான். திறமை இருந்தும் பல பெண்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிற்காதவர்களுக்கும் எவ்வளவு காலம் ஆகிறது, பாருங்கள். ஸ்விட்சர்லாந்தின் சில்வானா டிரின்சோனி 1999இல் ஜூனியர் உலகத் தங்கம் வென்றார். பெண்கள் உலகப் பட்டம் வந்தது 2019இல், இருபது ஆண்டு கழித்து. பிறகு 2021, 2022, 2023 என்று தொடர்ந்து வென்றார் (2020இல் போட்டியே நடக்கவில்லை). அந்த வெற்றிகளில் என்னை நெகிழவைப்பது ஒன்று உண்டு. வழக்கமாகக் கடைசி இரண்டு கற்களை ஸ்கிப்தான் போடுவார். டிரின்சோனியோ அவற்றை அலினா பேட்ஸ் கையில் கொடுத்துவிட்டு, தான் மூன்றாவதாகப் போட்டார். தலைமை தன்னிடம் இருக்க, முடிவைத் தீர்மானிக்கும் கல்லை இன்னொருத்தியிடம் கொடுக்கிற மனம் இருபது வயதில் வருவது கடினம்.

சரி, முயர்ஹெட்டுக்கு வருவோம். 'காத்திருந்தார்' என்கிறீர்கள். 2013இல் 22 வயதில் உலகச் சாம்பியன். 2014 சோச்சியில் வெண்கலம். 2018 பியோங்சாங்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் தோல்வி, அதுவும் அவர் போட்ட கடைசிக் கல் குறி தப்பி. அதே ஆண்டு இடுப்பில் அறுவை சிகிச்சை. 2021 உலகப் போட்டியில் எட்டாவது இடம். முதல் ஆறு அணிகளுக்குத்தான் ஒலிம்பிக்கில் நேரடி இடம் என்பதால் அந்த வாய்ப்பும் போனது. பழைய அணியைக் கலைத்து, ஒன்பது பேர் கொண்ட குழுவில் எல்லோரோடும் சேர்த்து அவரையும் வைத்தார்கள். நான்கு ஜூனியர் தங்கம் வென்றவர் தன் இடத்துக்காகப் புதிதாகப் போட்டியிட்டார். டிசம்பரில் நெதர்லாந்தில் நடந்த தகுதிப் போட்டியில் வென்றுதான் பெய்ஜிங் போனார்கள். அரையிறுதியில் ஸ்வீடன் முதல் எண்டிலேயே நான்கு புள்ளி எடுத்துவிட்டது. கூடுதல் எண்டு வரை போய் 12-11 என்று மீண்டு வந்தார்கள். இறுதியில் ஜப்பானை 10-3 என்று வென்றார்கள். நான்கு ஆண்டுக்கு முன் வெண்கலத்தைக் கொண்டுபோன அதே ஜப்பான். இதைக் காத்திருப்பு என்று சொல்ல முடியுமா?

ஓய்வைப் பற்றிக் குறையாகச் சொல்கிறீர்கள். பெய்ஜிங்குக்குப் பிறகும் அதே வசந்தத்தில் பாபி லேமியோடு கலப்பு இரட்டையர் உலகப் பட்டத்தையும் வென்றார். ஆகஸ்டில் விலகியபோது வயது 32. பதினாறு வயதில் முதல் ஜூனியர் தங்கம் வென்றவர், உச்சத்தில் இருக்கும்போதே போதும் என்று சொல்ல எல்லா உரிமையும் உள்ளவர்.

இன்னொன்று. பெய்ஜிங் தங்கத்தை அவர் தனியாக வெல்லவில்லை. விக்கி ரைட், ஜெனிஃபர் டாட்ஸ், ஹெய்லி டஃப், மாற்று வீராங்கனை மிலி ஸ்மித் ஆகியோரும் அந்த மேடையில் நின்றார்கள். உங்கள் கேள்வியில் அவர்கள் பெயர் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.