நாமும் நாங்களும்

அன்புள்ள ஐயா,

வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் என் மகன், பாட்டியிடம் "நேற்று நாம் நீந்தப் போனோம்" என்கிறான். பாட்டி அவனோடு போகவே இல்லை. "நாங்கள்" என்று திருத்தினால், ஆங்கிலத்தில் ஒரே சொல் போதுமானதாக இருக்கும்போது தமிழுக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்கிறான். இதை நான் வற்புறுத்தத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி, செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

வற்புறுத்தத்தான் வேண்டும். ஆனால், "தமிழுக்கு மட்டும்" என்று மகன் சொல்வது சரியல்ல. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு சொல், சேர்க்காமல் பேச வேறொரு சொல் என்ற ஏற்பாடு மலாயில் "கீத்தா", "காமி" என்றும், சீன வட்டார மொழியான ஹொக்கியனில் "லான்", "குன்" என்றும் நம் அண்டை வீட்டிலேயே இருக்கிறது. வியட்நாமியத்திலும், தென்னமெரிக்காவின் கெச்சுவாவிலும்கூட உண்டு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இல்லை. தமிழின் உறவுமொழியான கன்னடம் பழங்காலத்தில் இந்த வேறுபாட்டைக் கொண்டிருந்து, பின்னர் இழந்துவிட்டது. ஆகவே இது தானாகவே நிலைத்து நிற்கும் என்று நாம் நம்பியிருக்க முடியாது.

இதனால் ஆங்கிலம் ஏழைமொழி ஆகிவிடாது. வேண்டும்போது "நீங்கள் இல்லாமல்" என்று அதிலும் சேர்த்துச் சொல்லலாம். தமிழிலோ ஒவ்வொரு முறையும் முடிவுசெய்த பிறகே வாயைத் திறக்க முடியும். மலாய்க்காரர் "ஆடிக்" என்ற ஒரே சொல்லால் தம்பியையும் தங்கையையும் குறிப்பார். அவன், அவள் என்ற பிரிவும் அவர்களுக்கு இல்லை, "டியா" போதும். எதைச் சொல்லாமல் விடலாம் என்பதில்தான் மொழிகள் பெரிதும் வேறுபடுகின்றன என்பது என் எண்ணம்.

மகனுக்கு இலக்கண விதியைவிட விளைவைக் காட்டுவது நல்லது. உணவு மேசையில் பாட்டியைப் பார்த்து "நாம் சாப்பிடலாமா?" என்பது அழைப்பு, "நாங்கள் சாப்பிடலாமா?" என்பது அவரை விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் உண்ண அனுமதி கேட்பது. இரண்டையும் சொல்லவைத்துப் பாருங்கள், பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

அதன்பின் நம் தேசிய உறுதிமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் அப்போதைய வெளியுறவு அமைச்சருமான சி. ராஜரத்தினம் 1966-இல் அதை ஆங்கிலத்தில் எழுதியபோது, கேட்பவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று அந்த மொழி அவரைக் கேட்கவில்லை. தமிழாக்கம் "சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்" என்று தொடங்குகிறது. மலாய் வடிவமோ "காமி" என்று தொடங்குகிறது. ஒன்று, பக்கத்தில் நிற்பவரையும் உறுதி ஏற்பவராக்குகிறது; மற்றது, உறுதி ஏற்பவர்களைக் கேட்போர் முன் நிறுத்துகிறது. இரண்டுமே பொருத்தமானவை என்றே எனக்குப் படுகிறது. வகுப்பில் மலாய் படிக்கும் நண்பனிடம் அங்கே "கீத்தா" ஏன் வரவில்லை என்று மகன் கேட்கட்டும். அவனுக்குத் தமிழ் "நாம்" ஏன் என்பதை இவன் விளக்கட்டும்.