வாரம் ஒரு எபிசோடு: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

தொடர்களின் புது எபிசோடுகளைப் பற்றி நீங்கள் வாராவாரம் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக உறுத்துகிறது. பத்து எபிசோடு வரப்போகும் ஒரு தொடரில் நாலாவதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன சொல்லிவிட முடியும்? ஒரு நாவலின் நாலாவது அத்தியாயத்துக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லையே?

ஒரு வாரம் ஒரு பாத்திரம் அபாரமாக உருவாகி வருகிறது என்கிறீர்கள். மூன்று வாரம் கழித்து அதே பாத்திரம் தேங்கிவிட்டது என்கிறீர்கள். இரண்டில் எதை நான் எடுத்துக்கொள்வது? இன்னொன்று. பொதுவாக இந்த வகை விமர்சனங்களில் முக்கால்வாசி கதைச்சுருக்கம்தான் இருக்கிறது. எபிசோடைப் பார்த்தவருக்கு அது வேண்டாம். பார்க்காதவருக்கு அது ஸ்பாய்லர். அப்புறம் யாருக்காகத்தான் எழுதுகிறார்கள்?

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொடரைப் பற்றி எழுத எனக்கும் ஆசை. இரண்டு எபிசோடு வந்திருக்கிறது. "சீசன் முடியட்டும், முழுசாகப் பார்த்துவிட்டு எழுது" என்கிறான் நண்பன். அதுதான் நியாயம் என்று எனக்கும் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

காத்திருக்காதீர்கள். இந்த வாரமே எழுத ஆரம்பியுங்கள்.

நாவலோடு ஒப்பிட்டீர்கள். அச்சாகிவிட்ட நாவலில் நாலாவது அத்தியாயம் முடியும்போது ஐந்தாவது அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. புரட்டினால் போதும். வாராவாரம் வரும் தொடரில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் ஏழு நாள் இருக்கிறது, அதை எடுத்தவர்களுக்கும் அது தெரியும். எங்கே நிறுத்தினால் பார்ப்பவர் அந்த ஏழு நாளும் இதையே நினைத்துக்கொண்டிருப்பார் என்று யோசித்துத்தான் எழுதுகிறார்கள். பல தொடர்களில் எபிசோடுக்கு எபிசோடு எழுதியவர் வேறு, இயக்கியவர் வேறு. ஒவ்வொரு எபிசோடுக்கும் அதற்கென்று ஒரு தொடக்கம், ஒரு ஓட்டம், ஒரு முடிவு இருக்கிறது. அதனால் அத்தியாயத்தைவிட வாரப் பத்திரிகைத் தொடர்கதைதான் இதற்கு நெருங்கிய உறவு. அந்த வாரப் பகுதியைப் படித்துவிட்டு வாசகர்கள் அந்த வாரமே கடிதம் போட்டார்கள். கதை முடியும் வரை பொறுத்திருங்கள் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

உங்கள் நண்பர் சொல்வது பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. 2013 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' முதல் சீசனின் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. அதற்குப் பிறகு அப்படியே ஏராளமான தொடர்கள் வந்துவிட்டன. ஒரே இரவில் ஐந்தைப் பார்த்து முடித்தவருக்கு மூன்றாவது எங்கே முடிந்தது, நாலாவது எங்கே தொடங்கியது என்பதே நினைவிருக்காது. அந்த வகையை முழுசாகப் பார்த்துவிட்டு எழுதுவதுதான் சரி. ஆனால் 'தி பிட்' தொடரின் முதல் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரே ஷிப்ட், 15 மணி நேரம், 15 எபிசோடு. 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை அது வாராவாரம் வந்தது. அந்த மருத்துவர்களின் ஒரு நாளைப் பார்ப்பவர்கள் மூன்று மாதமாகக் கடந்தார்கள். அவர்களுடைய களைப்பு கொஞ்சம் கொஞ்சமாக நம்மீது ஏறியதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம். விடுமுறையில் இரண்டு நாளில் பார்த்து முடித்தவருக்கு அது கிடைத்திருக்காது.

சரி, ஒற்றை எபிசோடை வைத்து என்ன சொல்ல முடியும் என்ற கேள்விக்கு வருகிறேன். 'பிரேக்கிங் பேட்' பார்க்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள், முக்கியமான விஷயங்கள் வருகின்றன.

அதன் மூன்றாவது சீசனில், 2010 மே மாதம், 'ஃப்ளை' என்ற எபிசோடு வந்தது. ஏறக்குறைய முழு எபிசோடும் போதைப்பொருள் காய்ச்சும் ஒரே ஆய்வகத்துக்குள் நடக்கிறது. போதைப்பொருள் காய்ச்சுபவராக மாறிய வேதியியல் ஆசிரியர் வால்ட், அவருடைய பழைய மாணவனும் கூட்டாளியுமான ஜெஸ்ஸி என்று இரண்டே பேர், உள்ளே புகுந்துவிட்ட ஒரு ஈ, அவ்வளவுதான். பட்ஜெட் கையைக் கடித்ததால் இருக்கிற செட்டுக்குள்ளேயே எடுத்த எபிசோடு அது. கதை ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்று பலருக்கு எரிச்சல். சீசன் முடிந்த பிறகு மொத்தமாக எழுதுபவர் இதற்கு ஒரு வரி ஒதுக்கினாலே அதிகம்.

ஆனால் அந்த வாரம் உட்கார்ந்து அதை மட்டும் கவனித்தவருக்கு ஒரு காட்சி கண்ணில் பட்டிருக்கும். தூங்காமல் ஈயைத் துரத்திக்கொண்டிருக்கும் வால்ட்டின் காபியில் ஜெஸ்ஸி தூக்க மாத்திரையைக் கலந்துவிடுகிறான். ஆடுகிற ஏணியில் ஏறி ஈயை அடிக்கப் பார்க்கிறான். கீழே வால்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் பேசுகிறார். ஜெஸ்ஸியின் காதலி ஜேன் இறந்ததைப் பற்றி வருத்தம் தெரிவிக்கிறார். ஜேன் மூச்சுத் திணறியபோது வால்ட் பக்கத்தில் நின்று, காப்பாற்ற முடிந்தும் காப்பாற்றாமல் இருந்தவர் என்பது நமக்குத் தெரியும், ஜெஸ்ஸிக்குத் தெரியாது. "எனக்கும்தான்" என்கிறான் அவன். வால்ட் மறுபடியும், இன்னும் அழுத்தி, வருந்துகிறேன் என்கிறார். இன்னும் ஒரே ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தால் எல்லாம் முடிந்தது. இது உங்கள் தவறில்லை, யாருடைய தவறும் இல்லை என்று ஜெஸ்ஸி அவரைத் தேற்றுகிறான். ஏணி ஆடுகிறது. பிடித்திருப்பது வால்ட்டின் கை. ஜெஸ்ஸியின் உயிர் யார் பிடியில் இருக்கிறது என்பதை வசனமே இல்லாமல் அந்த ஏணி சொல்லிவிடுகிறது.

2013 செப்டம்பரில், கடைசி சீசனில், 'ஓஸிமாண்டியஸ்' என்ற எபிசோடு வந்தது. இரண்டையும் இயக்கியவர் ரயன் ஜான்சன். முதலாவதைச் சேர்ந்து எழுதிய மொய்ரா வாலி-பெக்கெட் இதைத் தனியாக எழுதினார். ஏணிக்குக் கீழே நின்று சொல்ல முடியாமல் விழுங்கிய அந்த உண்மையை வால்ட் இதில் ஜெஸ்ஸியின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார், அவனை நோகடிப்பதற்காகவே சொல்கிறார். 2010இல் 'ஃப்ளை'க்கு விமர்சனம் எழுதியவருக்கு இது வரும் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. அந்த ஏணியைப் பார்த்தாரா, அதைப் பற்றி எழுதினாரா என்பதுதான் கேள்வி. எழுதியிருந்தால் மூன்று வருடம் கழித்து வந்த காட்சி அவருடைய வாசகர்களுக்கு இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். வார விமர்சனத்தால் ஆகக்கூடிய பெரிய காரியம் இதுதான். எபிசோடின் உள்ளே என்ன நடந்தது என்று கூர்ந்து பார்த்து, மறந்துபோவதற்குள் எழுதி வைப்பது.

அடுத்து, கருத்து மாறுவது. இதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. துப்பறியும் தொடர்களில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. விசாரணை அதிகாரி இரவில் தனியாகக் குடித்துக்கொண்டு பழைய போட்டோ ஒன்றையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மூன்றாவது எபிசோடில் முதல்முறை வரும்போது அது அந்த ஆளைத் திறந்து காட்டுகிறது. ஆறாவதில் அதே நாற்காலி, அதே போட்டோ என்று வந்தால் எழுதுபவர்களுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் பாராட்டியதும் சரி, பிறகு குறை சொன்னதும் சரி. இரண்டுக்கும் தேதி இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் தொடர் எந்த இடத்தில் தொய்ந்தது என்று துல்லியமாகத் தெரியும். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் அது காணாமல் போய்விடும்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' 2019இல் முடிந்தபோது எவ்வளவு பேர் ஏமாந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கோபத்தில் ஆரம்பத்திலிருந்தே அது அப்படித்தான் என்று பேசியவர்களை நான் நிறையவே கேட்டிருக்கிறேன். ஆரம்பத்திலிருந்தே அப்படி இல்லை. 2011இலிருந்து வாராவாரம் எழுதப்பட்டவற்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசுவதை வைத்தே அந்தத் தொடர் எப்படி நடுங்க வைத்தது என்பதற்குச் சாட்சி அவற்றில் இருக்கிறது. முடிவு எப்போதும் முந்தைய எல்லாவற்றின்மீதும் தன் நிறத்தைப் பூசிவிடும். நல்ல முடிவாக இருந்தாலும் இதே கதைதான், நடுவில் சலித்துப்போன நாலு வாரத்தை அது மறக்கடித்துவிடும்.

கதைச்சுருக்கம் பற்றிய உங்கள் கோபத்தில் நானும் பங்குதாரன். பார்த்தவருக்குப் பார்த்ததையே திரும்பச் சொல்வது அவர் நேரத்தைத் திருடுவது. நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான்: சொல்லவந்த கருத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும் கதையைத் தொடுவேன். பார்த்தவருக்காக மட்டும் எழுதுகிறேன் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன். இருவருக்கும் சேர்த்து எழுதப் பார்த்தால் பாதிப் பக்கம் பூசி மெழுகுவதிலேயே போய்விடும்.

இதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது ஊகம். வாராவாரம் எழுதும்போது விமர்சனம் மெல்ல மெல்ல ஜோசியமாக மாறிவிடும் ஆபத்து உண்டு. மாஃபியா கும்பலைப் பற்றிய 'சொப்ரானோஸ்' தொடரில் 2001இல் வந்த 'பைன் பேரன்ஸ்' எபிசோடில் பாலியும் கிறிஸ்டஃபரும் ஒரு ரஷ்யனைப் பனிக்காட்டுக்குள் கொண்டுபோகிறார்கள். அவன் தப்பி ஓடுகிறான். செத்தானா, பிழைத்தானா என்று தெரியாமலே எபிசோடு முடிகிறது. அவன் எப்போது திரும்பி வருவான் என்று ரசிகர்கள் பேசிப் பேசி மாய்ந்தார்கள். தொடர் 2007இல் முடிந்தது. ரஷ்யன் வரவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஓடியவர்கள், குளிரில் நடுங்கிக்கொண்டு, பசியில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறும் இரண்டு ரவுடிகளை அந்த எபிசோடு எவ்வளவு நுட்பமாகக் காட்டியது என்பதைக் கோட்டைவிட்டார்கள். அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பதற்கு அடுத்த வாரம் பதில் சொல்லும். நீங்கள் இந்த வாரத்தைப் பற்றி எழுதுங்கள்.

விமர்சகர்களுக்குச் சில எபிசோடுகளை, சில சமயம் மொத்த சீசனையுமே, முன்கூட்டிக் காட்டும் வழக்கம் இருக்கிறது. தொடர் வருவதற்கு முன்பு மொத்தமாக ஒரு கட்டுரை எழுத அது உதவும். ஆனால் எட்டாவது வரை பார்த்துவிட்டு மூன்றாவதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்போல எழுதுவது எனக்கு ஒப்பாது. தெரிந்தது எப்படியாவது வாக்கியத்துக்குள் கசிந்துவிடும். "இந்தப் பாத்திரத்தைக் கவனியுங்கள்" என்று ஒருவர் எழுதினாலே வாசகருக்குச் சந்தேகம் வந்துவிடும். வார விமர்சனம் எழுதுகிற தொடர்களை நான் எல்லோரோடும் சேர்ந்துதான் பார்க்கிறேன்.

நீங்கள் ஆரம்பிப்பதற்குச் சில யோசனைகள். எபிசோடு முடிந்ததும் வரும் அடுத்த வாரப் புரோமோவை எழுதி முடிக்கும் வரை பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் மனம் இந்த வாரத்தை விட்டுப் போய்விடும். எபிசோடுக்கு முன்னால் வரும் முன்கதைச் சுருக்கத்தையும் தாண்டிவிடுங்கள். இரண்டு சீசனுக்கு முன்பு காணாமல்போன ஒருவர் முகத்தை அதில் காட்டினால் இன்று அவர் வரப்போகிறார் என்பது தெரிந்துவிடும், எபிசோடு கட்டி வைத்த அதிர்ச்சி வீணாகிவிடும். எழுதியவர் பெயரையும் இயக்கியவர் பெயரையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். சில வாரத்திலேயே யார் எழுதினால் வசனம் குறைகிறது, யார் இயக்கினால் கேமரா முகங்களுக்கு அருகே போகிறது என்று பிடிபட ஆரம்பிக்கும். இது ஒரு தனி இன்பம். முடிந்தால் இரண்டு முறை பாருங்கள். முதல்முறை கதைக்காக, இரண்டாவது முறை சத்தத்தைக் குறைத்துவிட்டு, யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரைப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்பதற்காக. நட்சத்திர மதிப்பெண் போடாதீர்கள். நாலாவது எபிசோடுக்கு மூன்றரை நட்சத்திரம் என்றால் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சில எபிசோடுகளைப் பற்றி நாலு வரிக்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த வாரம் நாலு வரியோடு நிறுத்திவிடுங்கள்.

வந்துவிட்ட இரண்டு எபிசோடுகளைத் திரும்பப் பிடிக்க முயல வேண்டாம். மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். எழுதியதும் எனக்கு அனுப்பி வையுங்கள். தொடர் எது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த எபிசோடைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் கட்டுரையைத் திறப்பேன்.

அன்புடன்