அரை மணியில் ஏன் போக முடியவில்லை?

கேள்வி: மதுரையில் இருந்து சென்னை 460 கிலோமீட்டர், ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் டிக்கெட்டில் ஏன் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கிறது? அம்மாவைத் தாம்பரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.
- திருமங்கலம் வாசகர்

பதில்: 460 என்பது ரோட்டுக் கணக்கு. நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர்தான் வரும். ஆனால் அந்த 800 வேகம் உயரே போய்ச் சமநிலையில் பறக்கும்போதுதான் கிடைக்கும், இவ்வளவு குறைந்த தூரத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடுவார்கள், அதிலும் 10,000 அடிக்குக் கீழே வேகத்துக்கு வரம்பு உண்டு. அப்புறம், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமில்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி மீனம்பாக்கத்தில் போய் நிற்கும் வரை எல்லாம் சேர்த்தி. விசிறி வைத்த ஏடிஆர் விமானம் என்றால் மணிக்கு 500 கிலோமீட்டர்தான், நேரம் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஒரு ஆச்சரியம், நேர்கோட்டில் பார்த்தால் நமக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம்!

சரி, அம்மா விஷயம். மதுரை விமான நிலையம் உங்களுக்குப் பக்கம்தான், மீனம்பாக்கத்தில் இறங்கினால் தாம்பரமும் பக்கம், ஒன்றரை மணி முன்னதாகப் போய்க் காத்திருப்பதைச் சேர்த்தாலும் நாலு மணி நேரத்தில் வீடு சேரலாம். வைகை எக்ஸ்பிரஸில் ஏழு மணி நேரம் உட்கார வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் விமானமே நல்லது, டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். படுத்துக்கொண்டு போவதுதான் வசதி என்றால் ராத்திரி ரயிலான பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்.