பெட்ரோலை மாத்துனா புகை குறையுமா?

கேள்வி: அண்ணே, பெரியார் பஸ் ஸ்டாண்ட் சிக்னல்ல நின்னா கண்ணெல்லாம் எரியுது. பிஎஸ் 6 பெட்ரோல்ங்கிறாங்களே, அதுல அப்படி என்னத்த மாத்துனாங்க? எத்தனால் வேற கலக்குறாங்க, என் 2009 மாடல் பைக் தாங்குமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பிஎஸ்னா பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கு அரசாங்கம் போட்ட வரம்பு. அதுக்காகப் பெட்ரோல்ல முக்கியமா கை வச்சது கந்தகத்துல தம்பி. பிஎஸ் 4 பெட்ரோல்ல பத்து லட்சம் பங்குக்கு 50 பங்கு வரைக்கும் இருக்கலாம்னு விட்டிருந்தாங்க, 2020 ஏப்ரல்ல இருந்து 10 தான். ஏன்னா சைலன்சர் பக்கம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்னு ஒன்னு இருக்கு, உள்ள தேன்கூடு மாதிரி, பிளாட்டினம் பல்லேடியம்னு விலை கூடுன உலோகமா பூசியிருப்பாங்க, கார்பன் மோனாக்சைடையும் எரியாம வர்ற பெட்ரோலையும் அதுதான் கெடுதல் கம்மியான வாயுவா மாத்திவிடும், கந்தகம் போயி அதுமேல ஒட்டிக்கிச்சுன்னா ஒழுங்கா வேலை பாக்காது. ரிஃபைனரில ஹைட்ரஜனை வச்சு கந்தகத்தைப் பிரிக்கிறாங்க, அதுல ஆக்டேன், அதாவது இன்ஜின்ல தட்டல் இல்லாம எரியிற தன்மை, கொஞ்சம் இறங்கிரும், அதையும் ஈடுகட்டணும், சும்மா வடிகட்டுற வேலைன்னு நினைச்சிராதீங்க! பென்சீனும் 1 சதவீதத்துக்கு மேல கூடாது, புற்றுநோய் வரவைக்கிற சரக்கு அது. நம்ம ஊரு சித்திரை வெயில்ல டேங்க்ல இருந்து ஆவியா போறதும் மாசுதான், அதனால எவ்வளவு சுலபமா ஆவியாகலாங்கிறதுக்கும் அளவு உண்டு.

எத்தனால்ங்கிறது ஒரு வகை ஆல்கஹால், அதுல ஆக்சிஜன் இருக்கதால கார்பன் மோனாக்சைடு குறையும், ஆக்டேனும் ஏறும். ஆனா பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, அதனால 20 சதவீதம் கலந்தா மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும். உங்க பைக்குல ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் மெக்கானிக்கை ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, பழைய ரப்பரை எத்தனால் கெடுக்கலாம். அது காத்துல இருக்க தண்ணியையும் இழுக்கும், அதனால மாசக்கணக்கா வண்டிய எடுக்காம பெட்ரோலை டேங்க்ல போட்டு வைக்காதீங்க.