டிரைபாட் வாங்கும் முன் நெகட்டிவைப் பாருங்கள்

"அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 கேமராவில் 50 மி.மீ. லென்ஸும் 400 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளை பிலிமும் போட்டு, தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை மாலை வெளிச்சத்தில் எடுத்தேன். பாதிப் படங்கள் மங்கல். கையில் பிடித்தால் 1/60 நொடிக்குக் கீழே போகக் கூடாது என்கிறார் ஒருவர். டிரைபாட் இல்லாமல் கூர்மையே வராது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?" என்று கும்பகோணம் வாசகர் ஒருவர் கேட்டு, மூன்று பிரிண்டுகளையும் அனுப்பியிருக்கிறார்.

அந்த மூன்று படங்களும் மூன்று வேறு காரணங்களால் மங்கியிருக்கின்றன. டிரைபாட் அவற்றில் ஒன்றைத்தான் காப்பாற்றியிருக்கும்.

முதல் படம், ராஜகம்பீரன் மண்டபத்தை இழுக்கும் கல்குதிரை. குதிரையின் கண் மங்கல். பின்னால் இருக்கும் தேர்ச்சக்கரத்தின் ஆரங்களோ துல்லியம். கை அசைந்திருந்தால் சக்கரமும் மங்கியிருக்கும். ஃபோக்கஸ்தான் தவறியிருக்கிறது. லென்ஸின் ஒளித்துளையை, அதாவது அபர்ச்சரை, எஃப் 2-க்கு அகலத் திறந்து இரண்டு மீட்டரில் நின்றால், முன்னும் பின்னுமாகச் சுமார் 20 செ.மீ. ஆழம்தான் தெளிவாக விழும். துளையைச் சுருக்கினால், எஃப் 8-இல் அது 75 செ.மீ.யைத் தாண்டும்.

இரண்டாவது படத்தில், தூண் சிற்பத்தின் செங்குத்துக் கோடுகள் கூர்மையாகவும் கிடைக்கோடுகள் மட்டும் இரட்டையாகவும் இருக்கின்றன. ஷட்டர் பொத்தானை மேலிருந்து கீழே குத்தியிருக்கிறீர்கள். இதுதான் உண்மையான கை அசைவு. மூன்றாவதில் படிக்கட்டு தெளிவாக இருக்க, ஓடும் சிறுவன் மட்டும் கலங்கியிருக்கிறான். அவனை நிறுத்த வேகமான ஷட்டர்தான் வேண்டும். எந்த டிரைபாடும் உதவாது.

1/60 விதிக்கு வருவோம். லென்ஸின் மி.மீ. எண்ணுக்குக் குறையாத ஷட்டர் வேகம் என்பது அதன் அடிப்படை: 50 மி.மீ. என்றால் 1/50, அதற்கு அடுத்து கேமராவில் உள்ளது 1/60. சிறிய பிரிண்டுக்கு அது சரி. 4×6 அங்குலப் பிரிண்டில் நெகட்டிவ் நான்கு மடங்குதான் பெரிதாகிறது. அதையே 12×18-க்குப் போட்டால் பன்னிரண்டு மடங்குக்கு மேல் போகிறது. கண்ணுக்குப் படாத அசைவும் அதே அளவு பெரிதாகிறது. பெரிய பிரிண்ட் போடுவீர்கள் என்றால், 50 மி.மீ. லென்ஸுக்கு 1/125, முடிந்தால் 1/250 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கை எவ்வளவு தாங்கும் என்பதை உங்கள் கேமராதான் சொல்ல வேண்டும். நல்ல வெளிச்சமுள்ள வராந்தாவில், சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டுங்கள். 1/250 முதல் 1/8 வரை ஆறு வேகங்கள். ஒவ்வொன்றிலும் கையில் மூன்று, இரவல் டிரைபாடில் மூன்று. சரியாக 36 படம், ஒரு ரோல். வேகத்தைக் குறைக்கும்போது அபர்ச்சரையும் அதற்கேற்ப மூடுங்கள். ஒரே வேகத்தில் எடுத்தவற்றை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அப்போது லென்ஸின் குறை கணக்கில் சேராது. நெகட்டிவை லூப் என்னும் சிறு உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். கையில் எடுத்ததில் சின்ன எழுத்து எந்த வேகத்தில் உடைகிறதோ அதுதான் உங்கள் எல்லை. ஒரு ரோல் செலவாகிறதே என்று தயங்க வேண்டாம்; அடுத்த பத்து ரோலை இது காப்பாற்றும்.

கையில் பிடிக்கும்போது இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் இருக்கட்டும், முழங்கைகள் விலாவோடு ஒட்டட்டும். பாதி மூச்சை விட்டு, பொத்தானை மெல்ல அழுத்துங்கள். கோயிலில் சாய்வதற்குத் தூணுக்கா பஞ்சம்? இன்னொரு வழியும் உண்டு: கேமராவின் அடியிலுள்ள டிரைபாட் துளைக்குப் பொருந்தும் கால் அங்குலத் திருகு ஒன்றில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்து, கேமராவை மேல்நோக்கி விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். மேலும் கீழுமான ஆட்டம் பெருமளவு அடங்கும். உங்கள் இரண்டாவது படத்துக்கு இதுவே போதுமாயிருக்கும்.

வெளிச்சம் அதற்கும் இடம் தராவிட்டால், 400 பிலிமைப் போட்டு, கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) எண்ணை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப் நேரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். 1/30 இருந்த இடத்தில் 1/125 கிடைக்கும். கிரெயின், அதாவது படத்தில் தெரியும் புள்ளிகள், கூடும்; நிழல் பகுதியின் விவரம் குறையும். கிரெயின் எனக்கு உறுத்துவதில்லை. சிற்பத்தின் முகம் இரட்டையாகத் தெரிவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இருள் மண்டபத்தை எஃப் 8-இல் எடுக்க டிரைபாட்தான் வழி. ஆனால் கே1000-இல், லென்ஸுக்குப் பின்னால் இருந்து படமெடுக்கும்போது மேலே எழும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி இல்லை. செல்ஃப் டைமரும் கிடையாது. 1/15 முதல் அரை நொடி வரையான வேகங்களில், கண்ணாடி மேலே மோதும் அதிர்வு டிரைபாடிலும் பதியும்; 135 மி.மீ. லென்ஸில் அது நன்றாகவே தெரியும். ஆகவே அபர்ச்சரை மூடி, நேரத்தைச் சில நொடிகளுக்கு நீட்டுங்கள். ஷட்டரை, அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் 'பி'யில் வைத்து, லென்ஸைத் தொடாமல் அதன் முன் ஒரு கறுப்பு அட்டையைப் பிடியுங்கள். கேபிள் ரிலீஸை (ஷட்டர் பொத்தானில் திருகும் கம்பியை) அழுத்திப் பூட்டி, ஒரு நொடி பொறுத்து அட்டையை விலக்குங்கள். நேரம் முடிந்ததும் அட்டையால் மறைத்து, பிறகு ஷட்டரை விடுங்கள். நீண்ட நேரத்தில் பிலிமின் உணர்திறன் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்: இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமில் கேமராவின் ஒளிமீட்டர் கணக்கு 10 நொடி என்றால் 20 நொடி கொடுக்க வேண்டும்.

தாராசுரம் இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அங்கே டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். கிளம்பும் முன் அதை வாங்கிவிடுங்கள்.